உப்பு குறையவில்லை, நீர் மிகுந்தது: இதயச் செயலிழப்பில் சோடியம் 118க்கு இறங்கிய ஒரு நிகழ்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்த 68 வயது ஆண் நோயாளியைப் பற்றிய பதிவு இது. அவரையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. வார்டுகளில் பணியாற்றும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் இதய நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் புரியும் என்று நம்புகிறேன்.

பின்னணி

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு வந்தது. உயிர் தப்பினாலும் இதயத் தசையின் ஒரு பகுதி நிரந்தரமாகச் செயலிழந்தது. அதன் பிறகு எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 30 சதவீதம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு அது. நலமான இதயத்தில் இது 55க்கு மேல் இருக்கும். மாரடைப்புக்கு முன்பு குடிப்பழக்கம் இருந்தது, பின்னர் முற்றிலும் விட்டுவிட்டார். சர்க்கரை நோய் இல்லை.

எங்கள் குறிப்பேட்டின்படி அவர் எடுத்துவந்த மருந்துகள்: ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை 40 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., ரமிப்ரில் 5 மி.கி., மெட்டோப்ரோலால் 50 மி.கி., ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின். வீக்கமோ மூச்சிரைப்போ இல்லாத நாளில் அவருடைய எடை 60 கிலோ. இந்த எண்ணைக் குறிப்பேட்டில் யாரோ ஒரு செவிலியர் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பின்னால் அது பெரிதும் கைகொடுத்தது.

வீட்டில் மனைவியும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். மருந்து, உணவு, மருத்துவமனை எல்லாம் மருமகளின் பொறுப்பு.

வருவதற்கு முந்தைய நாட்கள்

பங்குனி வெயிலில் அவருக்குச் சோர்வும் குமட்டலும் தொடங்கின. கஞ்சிகூட இறங்கவில்லை. அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் இரத்தம் பார்த்தார்கள். சோடியம் 126. இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிஈக்குவலன்ட் வரை. (இனி எண்ணை மட்டும் தருகிறேன்.) வியர்வையில் உப்பு வெளியேறியிருக்கும், உப்புக் கரைசல் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பைக் கூட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அறிவுரை முட்டாள்தனமானது அல்ல. வெயிலில் வேலை செய்துவிட்டு வரும் ஒருவருக்கோ வயிற்றுப்போக்கில் துவண்டவருக்கோ அதுவே சரியான சிகிச்சை. சோடியம் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தவர்கள், கணுக்காலை அழுத்திப் பார்த்திருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

குடும்பத்தினர் சொன்னதை அப்படியே செய்தார்கள், சொன்னதற்கு மேலும் செய்தார்கள். காலையில் உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், பகல் முழுவதும் ஓ.ஆர்.எஸ். கரைசல், மாலையில் இளநீர், நடுவில் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, தொட்டுக்கொள்ள உப்புமாங்காய். மருமகள் சொன்னதைக் கூட்டிப் பார்த்தபோது நாளொன்றுக்கு மூன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போயிருந்தது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவைப்படி ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 75 அளவே சோடியம் உண்டு. அவருடைய இரத்தத்தில் இருந்ததோ 126. உப்பு கொடுக்கிறோம் என்ற நம்பிக்கையில் அவருடைய இரத்தத்தைவிட நீர்த்த ஒரு திரவத்தை லிட்டர் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். இளநீரில் சோடியம் அதைவிடவும் குறைவு.

பத்து நாட்களில் கால் வீக்கம் முழங்காலை எட்டியது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார். கடைசி இரண்டு இரவுகளில் பேச்சும் தடுமாறியது. நள்ளிரவில் எழுந்து, வெட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று மருமகளிடம் பால்வெட்டுக் கத்தியைக் கேட்டார். மறுநாள் காலை ஆட்டோவில் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

சேர்க்கையின்போது கண்டவை

விழித்திருந்தார், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், பெயரைச் சொன்னார். காலையா மாலையா என்று தெரியவில்லை. வலிப்பு வரவில்லை, வாந்தி இல்லை. இரத்த அழுத்தம் 96/60, நாடித்துடிப்பு 104, ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். கழுத்து நரம்பு காது மடல்வரை புடைத்திருந்தது. இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நீர்ச்சத்தம் கேட்டது. கை கால்கள் வெதுவெதுப்பாக இருந்தன. எடை 67.4 கிலோ. சிவப்பு வட்டத்துக்குள் இருந்த 60 உடன் ஒப்பிட்டால் ஏழு கிலோவுக்கு மேல் கூடுதல். சரியாகச் சாப்பிடாத மனிதருக்குச் சில வாரங்களில் ஏழு கிலோ சதை போடாது. அத்தனையும் நீர்.

சோடியம் 118, பொட்டாசியம் 3.2, யூரியா 64, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) 1.5, சர்க்கரை 132. சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலும் சோடியம் குறைவாகத் தெரியும், இங்கே அதற்கு இடமில்லை. தைராய்டும் கார்ட்டிசாலும் இயல்பு. நாகர்கோவில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் இரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி (கரைந்துள்ள பொருள்களின் செறிவு) 256, சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 480. சிறுநீரில் சோடியம் 22. யூரிக் அமிலம் 8.9.

இவற்றில் என் கண்ணை முதலில் ஈர்த்தது சிறுநீரின் 480. இரத்தம் இவ்வளவு நீர்த்திருக்கும்போது நலமான சிறுநீரகம் மிச்ச நீரை வெளியே தள்ளும், சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 100க்குக் கீழே போய்விடும். இவருடைய சிறுநீரகமோ நீர்ப்பஞ்சத்தில் இருப்பதுபோல ஒவ்வொரு துளியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நீர் மாத்திரை எடுப்பவரின் சிறுநீர்ச் சோடியத்தை எச்சரிக்கையுடன்தான் படிக்க வேண்டும் என்றாலும், 22 என்பது உப்பையும் சேர்த்துப் பிடித்துவைப்பதைக் காட்டியது. நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனான வாசோபிரசின் காரணமின்றிச் சுரக்கும் வேறு வகை நோயில் யூரிக் அமிலம் பெரும்பாலும் குறைந்திருக்கும். இங்கே அது உயர்ந்திருந்ததும் ஒரு தடயம்.

உடலுக்குள் நடந்தது

இதயம் போதிய இரத்தத்தை முன்னே தள்ளாதபோது, கழுத்துத் தமனியிலும் மகா தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் உடலில் நீர் வற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. கால் முழுக்க நீர் கட்டியிருப்பது அவற்றுக்குத் தெரியாது. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வரிசை உப்பைப் பிடிக்கிறது. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரசின் நீரைப் பிடிக்கிறது. ஆஞ்சியோடென்சின் தாகத்தையும் தூண்டுகிறது. ஆகவே உடலின் மொத்த உப்பும் கூடியிருக்கிறது, நீர் அதைவிட அதிகமாகக் கூடியிருக்கிறது. ஆய்வக அறிக்கை காட்டுவது இரண்டின் விகிதத்தை மட்டுமே.

மருமகளுக்கு இதை விளக்கியபோது, "கறியில் வெள்ளம் கூடிப்போன மாதிரியா, டாக்டர்?" என்று கேட்டார். (எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.) ஆம் என்றேன். "அப்படியானால் உப்பு போட்டால் சரியாகிவிடுமே?" என்றார் உடனே. அடுக்களையில் அது சரி. இந்தச் சட்டியில் உப்பு ஏற்கெனவே மிகுதி, வற்ற வைப்பது ஒன்றே வழி என்று சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் கேட்டபோது அவரே பதில் சொன்னார்.

இதயச் செயலிழப்புடன் மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சோடியம் 135க்குக் கீழே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மரண அபாயமும் மீண்டும் சேர வேண்டிய வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இதயம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது.

பிஸ்கட் டப்பா

ஆனால் இதயம் மட்டுமே காரணமென்றால் சில வாரங்களில் இத்தனை சரிவு ஏன்? வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும், பழையது புதியது பார்க்காமல், கொண்டுவரச் சொன்னோம். மாலையில் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. அதில் எங்கள் குறிப்பேட்டில் இல்லாத ஓர் அட்டை இருந்தது: டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த இரத்த அழுத்த மாத்திரை. மாரடைப்புக்கு முன்பு எழுதித் தந்த பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கியது. கால் லேசாக வீங்கியதும், முன்பு பலன் தந்த மாத்திரை என்று அவராகவே மீண்டும் தொடங்கியிருந்தார்.

ஹைட்ரோகுளோரோதயசைடு தயசைடு வகை நீர் மாத்திரை. சிறுநீரகக் குழாயில் சிறுநீர் நீர்த்துப்போகும் கடைசிப் பகுதியில் அது வேலை செய்கிறது. அந்தப் பகுதி அடைபட்டால், உப்பு வெளியேறும், மிச்ச நீரை வெளியேற்றும் திறனோ குறைந்துவிடும். நீரை மீண்டும் உறிஞ்சும் திறன் மட்டும் அப்படியே நிற்கும். ஃபியூரோசமைடு அப்படியல்ல. உறிஞ்சும் திறனையும் அது கெடுத்துவிடுவதால் சோடியத்தை அவ்வளவு இறக்குவதில்லை. இரண்டும் நீர் மாத்திரைகள்தாம், ஒன்று இவருக்கு மருந்து, மற்றது இவருக்குத் தீங்கு. பொட்டாசியம் 3.2 ஆனதற்கும் தயசைடே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். ரமிப்ரிலுடன் டெல்மிசார்ட்டானும் சேர்ந்தது கிரியாட்டினின் உயர்வுக்கும் அழுத்தக் குறைவுக்கும் துணை போயிருக்கும்.

அந்த அட்டையை அன்றே நிறுத்தினோம். ரமிப்ரிலை இரண்டு நாட்களுக்கு ஒத்திவைத்தோம்.

முதல் முடிவுகள்

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஏன் பாட்டில் ஏற்றவில்லை? சாதாரண உப்புநீர்ப் பாட்டிலில் லிட்டருக்கு 154 சோடியம் இருக்கிறது, 118ஐவிட அதிகம், ஏற்றினால் உயரும் என்று காகிதத்தில் கணக்கு வரும். ஆனால் நுரையீரலில் நீர் நிற்கும் ஒருவருக்கு இன்னொரு லிட்டரை ஏற்றினால், சோடியம் நகர்வதற்குள் மூச்சு நின்றுவிடக்கூடும்.

அதைவிடச் செறிவான 3 சதவீத உப்புநீர் பற்றி வார்டிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. குழப்பம் என்பது மூளை வீக்கத்தின் அறிகுறி, 100 அல்லது 150 மி.லி. உடனே கொடுக்க வேண்டும் என்றார் ஒரு சக மருத்துவர். அவர் வாதத்தில் வலு இருந்தது. வலிப்போ மயக்கமோ வந்திருந்தால் நானும் தயங்கியிருக்க மாட்டேன், அந்த நிலையில் இதயத்தைப் பார்த்துக்கொண்டு மூளையைக் கைவிட முடியாது. ஆனால் இந்தச் சரிவு வாரக்கணக்கில் மெல்ல ஏற்பட்டது. மூளைச் செல்கள் அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொண்டிருக்கும். அவர் விழித்திருந்தார். 3 சதவீத உப்புநீரில் லிட்டருக்கு 513 சோடியம், ஆகவே 150 மி.லி.யில் 77 உள்ளே போகும். பாட்டிலைப் படுக்கையருகே தயாராக வைத்துவிட்டு, எந்த அறிகுறி தோன்றினால் யாரையும் கேட்காமல் தொடங்கலாம் என்பதையும் எழுதி ஒட்டினோம். அதைத் திறக்க வேண்டி வரவில்லை. அதனால் சக மருத்துவர் சொன்னது தவறென்று ஆகிவிடாது.

ஃபியூரோசமைடு 80 மி.கி. நரம்பு வழியே கொடுத்தோம். இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுநீரில் சோடியம் 84. 50 முதல் 70க்கு மேல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம். அதே அளவை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தோம். பொட்டாசியம் குளோரைடு திரவத்தை வாய்வழியே கொடுத்தோம். பொட்டாசியத்தை ஈடுசெய்யும்போது சோடியமும் சற்று ஏறும் என்பதால் அதையும் கணக்கில் சேர்த்தோம். கை கால்கள் வெதுவெதுப்பாக, அதாவது இரத்த ஓட்டம் போதுமானதாக, இருந்ததால் இதயத் தசையின் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுட்டமின் தேவைப்படவில்லை. குடிநீர், கஞ்சி, காப்பி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1 லிட்டர் என்று வரையறுத்தோம்.

இதைவிட முக்கியமாக ஓர் உச்சவரம்பையும் முதல் நாளே வைத்தோம்: எந்த 24 மணி நேரத்திலும் சோடியம் 8க்கு மேல் ஏறக்கூடாது. நாட்பட்ட குறைவை வேகமாகச் சரிசெய்தால் மூளைத்தண்டின் நரம்பு உறைகள் சிதையலாம். அந்தச் சிதைவு சில நாட்கள் கழித்தே பேச்சிழப்பாகவும் கைகால் முடக்கமாகவும் வெளிப்படும், பெரும்பாலும் திரும்பச் சரியாகாது. பொட்டாசியம் குறைந்தவர்கள், ஊட்டம் குன்றியவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். முதல் இரண்டும் இவருக்கு இருந்தன.

தாகம்

இரண்டாம் நாள் எடை 65.9, மூன்றாம் நாள் 64.3, நான்காம் நாள் 63.5. மூச்சு சீரானது, படுத்து உறங்கினார். ஆனால் சோடியம் 119, 120, 120 என்றே நின்றது. ஃபியூரோசமைடுக்குப் பின் வந்த சிறுநீரில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 109. இரத்தச் சோடியத்துக்கு அது மிக அருகில். அதாவது உப்பும் நீரும் ஏறத்தாழ இரத்தத்தின் விகிதத்திலேயே வெளியேறின. வீக்கம் வடியும், எண் அசையாது.

எண் அசையாததற்கு இன்னொரு காரணத்தை இரவுப் பணிச் செவிலியர் கண்டுபிடித்தார். பக்கத்துப் படுக்கைக்காரரின் பிளாஸ்கிலிருந்து அவர் சீரக வெள்ளம் வாங்கிக் குடித்திருந்தார். குளியலறைக் குழாயிலும் குடித்திருக்கலாம். மருமகள் வரும்போதெல்லாம், "மக்களே, ஒரு மடக்கு வெள்ளம் தா" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். தன் வீட்டு வாசலில் வருகிற அயலாருக்கும் தண்ணீர் கொடுத்துப் பழகிய மாமியார், கட்டிய கணவருக்குத் தண்ணீர் மறுப்பது பாவம் என்று வராந்தாவில் அழுதார்.

நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் தாளில் எழுதுவது எளிது. நான் அதை எழுத விடவில்லை. அந்தத் தாகம் மன உறுதியின் குறைவு அல்ல. அவருடைய நோய் ஆஞ்சியோடென்சின் வழியாக மூளையில் மூட்டிவிட்ட தீ. வாய்கொப்பளிக்கவும் உதடு நனைக்கவும் குளிர்ந்த நீர், சிறு பனிக்கட்டித் துண்டுகள், பெரிய டம்ளருக்குப் பதில் சிறிய எவர்சில்வர் டம்ளர் என்று செவிலியர்கள் செய்துபார்த்தார்கள். ஓரளவே உதவியது.

நான்காம் நாள்: டோல்வாப்டான்

இரண்டு வழிகள் தெரிந்தன. ஃபியூரோசமைடைக் கூட்டி இன்னும் காத்திருக்கலாம், அல்லது வாசோபிரசினைத் தடுக்கும் டோல்வாப்டானைத் தொடங்கலாம். வீக்கம் வடிய மறுக்கும்போது வழக்கமாகச் சேர்க்கும் மெட்டோலசோன் இங்கே கதவுக்கு வெளியே. அதுவும் தயசைடைப் போலவே வேலை செய்வது.

டோல்வாப்டான் சிறுநீரகத்தில் வாசோபிரசின் அமரும் இடத்தை மறிக்கிறது. உப்பில்லாத வெறும் நீர் வெளியேறுகிறது. இதன் வரம்புகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 2006இல் வெளியான சால்ட் ஆய்வுகள் இது சோடியத்தை உயர்த்துவதை நிறுவின. 2007இல் வெளியான, 4,133 இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கொண்ட எவரெஸ்ட் ஆய்வில் மூச்சிரைப்பும் எடையும் குறைந்தன, ஆனால் மரணமோ மீண்டும் சேர்வதோ குறையவில்லை. கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 30 நாட்களுக்கு மேல் தரக்கூடாது, கல்லீரல் நோயாளிகளுக்குத் தவிர்க்க வேண்டும் என்று வரையறுத்தது. மருத்துவமனையில் வைத்தே தொடங்க வேண்டும். ஆக, அவர் ஆயுளை நீட்டிக்க இதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குழப்பம் முழுவதும் தெளியவில்லை, தாகம் அவரை வாட்டுகிறது, சோடியம் 120இல் நிற்கிறது. அந்தச் சில நாட்களைக் கடக்க ஒரு பாலம் வேண்டியிருந்தது.

கல்லீரல் பரிசோதனைகள் ஏற்கத்தக்கவையாக இருந்தன. கிளாரித்ரோமைசின், டில்டியசெம், பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரைகள் போன்று டோல்வாப்டானின் அளவை இரத்தத்தில் உயர்த்தும் மருந்து எதுவும் இல்லை. வழக்கமான 15 மி.கி.க்குப் பதில் பாதி மாத்திரை, 7.5 மி.கி., காலை 9 மணிக்குக் கொடுத்தோம். அதே நேரத்தில் நீர்க் கட்டுப்பாட்டை நீக்கினோம். இந்த மருந்தின் முதல் நாளில் நீரையும் கட்டுப்படுத்தினால் சோடியம் பாய்ந்து ஏறிவிடும்.

முந்தைய நாள்வரை தண்ணீரைப் பிடுங்கிய செவிலியர், தாகமெடுத்தால் குடியுங்கள் என்றதும் குடும்பத்தினர் திகைத்தார்கள். மாமியாருக்கு மட்டும் வியப்பில்லை. மருத்துவர்களுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மாலை 3 மணிக்கு 122. இரவு 9 மணிக்கு 125. சிறுநீர் குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்து, லிட்டர் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. பின்னிரவு 3 மணிக்கு 127. பதினெட்டு மணி நேரத்தில் 7 ஏறிவிட்டது, எல்லைக்கு ஒன்றே மிச்சம், ஆறு மணி நேரம் பாக்கி. பணியில் இருந்த இளம் மருத்துவர் அவரை எழுப்பி, வெளியேறும் சிறுநீரின் அளவுக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்க வைத்தார். அதற்கும் மீறி ஏறினால் நரம்பு வழியே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும், வாசோபிரசின் போல நீரைப் பிடித்துவைக்கும் டெஸ்மோபிரசின் ஊசியும் கொடுக்க ஏற்பாடு இருந்தது. காலை 9 மணிக்கு 127. அன்றைய மாத்திரையை நிறுத்திவைத்தோம்.

பாதி மாத்திரைக்கே இந்த வேகம். 15 மி.கி. கொடுத்து, காலையில் ஒருமுறை மட்டும் இரத்தம் பார்த்திருந்தால் என்ன கண்டிருப்போம் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்க வசதியில்லாத இடத்தில் இந்த மருந்தைத் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தேறியது

ஐந்தாம் நாள் காலை பேரனின் பெயரைச் சொல்லி, பள்ளிக்குப் போனானா என்று கேட்டார். அன்றே டபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. தொடங்கினோம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இதயச் செயலிழப்பில் இதன் பயன் நிறுவப்பட்டுள்ளது. குளுக்கோஸுடன் நீரையும் வெளியேற்றுவதால் சோடியத்துக்கும் சாதகமானது. ரமிப்ரிலைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினோம். ஆறாம், ஏழாம் நாட்களில் டோல்வாப்டான் 7.5 மி.கி. மீண்டும் கொடுத்து, பிறகு நிறுத்தினோம். நிறுத்திய பின்னும் நிற்கிறதா என்று பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று வைத்திருந்தோம். எட்டாம் நாள் 131, ஒன்பதாம் நாள் 132. பொட்டாசியம் 4.3, கிரியாட்டினின் 1.3, எடை 60.6. அன்று வீட்டுக்குப் போனார்.

நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்று சீட்டில் எழுதுவது எளிது, ஒரு கிண்ணம் கஞ்சியில் எவ்வளவு நீர் என்று யாருக்குத் தெரியும்? மருமகளிடம் வீட்டுக் கிண்ணத்தையே கொண்டுவரச் சொல்லி அளந்தோம். 350 மி.லி. பிடித்தது. காலையும் இரவும் கஞ்சி என்றால் பாதி அங்கேயே போய்விடுகிறது. ஒரு வேளைக் கஞ்சிக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு அவித்தோ புட்டோ கொடுக்கலாம் என்று அவரே வழி சொன்னார். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி, வேறு எந்த நீர்ப்பொருளைக் கொடுத்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவது என்று முடிவானது. கருவாடு, உப்புமாங்காய், ஊறுகாய் நின்றன. இளநீரும் வேண்டாம் என்றோம், அதிலுள்ள பொட்டாசியமும், பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தால் இதயத்துடிப்புக்கு ஆபத்து.

பின்தொடர்தல்

ஒரு வாரத்தில் 133, ஒரு மாதத்தில் 134. மருமகள் பேரனின் பழைய நோட்டில் தினமும் எடையைக் குறித்துவந்தார். இரண்டு நாட்களில் ஒன்றரைக் கிலோ கூடிய ஒருமுறை, தொலைபேசியில் கேட்டு ஃபியூரோசமைடை மூன்று நாட்களுக்குக் கூட்டி, வீட்டிலேயே சமாளித்தார்கள்.

ஐப்பசி மழையின்போது மீண்டும் சேர்ந்தார். சோடியம் 127, எடை 63. இந்த முறை டப்பாவில் எதுவும் இல்லை, நோட்டில் பிழையில்லை, தண்ணீரும் அளவோடுதான். எக்கோவில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 22. வளைகுடாவிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டார்: "போன தடவை உப்பைச் சரிசெய்துவிட்டீர்களே, டாக்டர், பிறகு ஏன்?" போன முறை பாதிக்கு மேல் மாத்திரையும் கரைசலும் செய்த வேலை, அவற்றை நீக்க முடிந்தது, இப்போது இதயமே தளர்ந்துவிட்டது என்று சொன்னேன். திருவனந்தபுரத்தில் இதயச் செயலிழப்புக்கான சிறப்புப் பிரிவில் கருத்துக் கேட்கப்பட்டது. பேஸ்மேக்கர் வகைக் கருவி பற்றிப் பேசினார்கள். நோயாளி கேட்டுவிட்டு மறுத்தார். சோடியம் 130இல் வீட்டுக்குப் போனார். டோல்வாப்டான் இம்முறை கொடுக்கவில்லை. குழப்பமும் இல்லை, தாகமும் தாங்கக்கூடியதாக இருந்தது, எண்ணுக்காக மட்டும் கொடுக்க ஏதுமில்லை. இதை எழுதும்போது மாதம் ஒருமுறை வந்துபோகிறார். படிக்கட்டு ஏற முடியவில்லை, முற்றத்தில் நடக்கிறார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

இதய நோயாளி சேரும்போது மருந்துச் சீட்டை மட்டும் நம்பாமல், வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் முதல் நாளே வரவழைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. கூட்டு மாத்திரைகளின் பெயரில் தயசைடு ஒளிந்திருக்கும். அட்டையின் பின்புறச் சிறு எழுத்தைப் படிக்காமல் அது தெரியாது. நிறுத்திய மருந்துகளுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் தனிக் கட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். என்ன எடுக்க வேண்டும் என்று நான்கு முறை சொல்கிறோம், எதை இனி எடுக்கக்கூடாது என்று எழுதுவதில்லை.

நீர்க் கட்டுப்பாட்டை எல்லோருக்கும் ஒரே அளவில் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். 2025இல் வெளியான ஃபிரெஷ்-அப் ஆய்வில், நிலையாக இருந்த இதயச் செயலிழப்பு வெளிநோயாளிகளுக்கு 1.5 லிட்டர் கட்டுப்பாட்டால் தெளிவான நன்மை எதுவும் தெரியவில்லை, தாகம்தான் கூடியது. சோடியம் சரிந்து, வீக்கத்துடன் படுத்திருப்பவருக்கு அந்த முடிவு பொருந்தாது. ஆனால் சோடியம் 138 உடன் நடமாடும் ஒருவரைச் சித்திரை வெயிலில் டம்ளர் எண்ண வைப்பதற்கும் நியாயமில்லை.

சுற்றுப்புறச் சிறு மருத்துவமனைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் ஒரு பக்கத் தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். சோடியம் குறைவு என்று அறிக்கை வந்தால் உப்புக் கரைசலைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள்: கால் வீங்கியிருக்கிறதா, எடை கூடியிருக்கிறதா, இதயத்துக்கு மருந்து எடுக்கிறாரா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுக்காமல் எங்களிடம் அனுப்பிவையுங்கள் என்ற வரிக்குக் கீழே எங்கள் வார்டின் தொலைபேசி எண் இருக்கும். 3 சதவீத உப்புநீரை எப்போது தொடங்குவது என்ற வரியில் மட்டும் நானும் சக மருத்துவரும் இன்னும் உடன்படவில்லை. அந்த வரி இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.